நாளொன்றுக்கு எவ்வளவு ஆகும்? முதுகுப்பைப் பயணத்தின் கணக்கு

முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரே பையோடு, சுற்றுலா நிறுவனத்தின் துணை இல்லாமல், தங்குமிடம், பஸ், சாப்பாடு எல்லாவற்றையும் தானே தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போவதைத்தான் பேக்பேக்கிங் என்கிறார்கள். அதை நடத்திச் செல்வது ஒரே ஒரு கணக்கு: ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பு. புதிதாகக் கிளம்புகிறவர்கள் இந்த வரம்பைச் சாப்பாட்டில் பிடிக்கப் பார்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு பிஸ்கட்டோடு வெயிலில் நடக்கிறார்கள். பணம் கரைவது பெரும்பாலும் அங்கே அல்ல. ஊர் மாறும் நாட்களில்தான் கரைகிறது. நின்று நிதானமாகச் சுற்றுகிறவருக்குச் செலவு தானாகவே இறங்கும். இந்தக் கட்டுரை விளக்க முயல்வது அதைத்தான்.

எடுத்துக்காட்டாக பாங்காக், பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நான்கு நகரங்களை எடுத்துக்கொள்கிறேன். நான்கையும் ரயிலிலும் பஸ்ஸிலுமே இணைத்துவிடலாம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இந்தத் திசையில் விமானங்கள் நிறைய உண்டு. கணக்குக்காகத் தாய்லாந்து பாத் ஒன்றுக்கு 2.70 ரூபாய், மலேசிய ரிங்கிட் ஒன்றுக்கு 22 ரூபாய், சிங்கப்பூர் டாலர் ஒன்றுக்கு 68 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் தோராயமானவை. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சராசரியைப் பிடிப்பது

பணத்தை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். விமான டிக்கெட், விசா, பயணக் காப்பீடு ஆகிய மூன்றும் ஒரு பங்கு. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செலவாகிவிடும் பணம் அது. இரண்டு நாள் கூடுதலாகச் சுற்றினாலும் அதில் பெரிய மாற்றம் வராது. படுக்கை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணம், ஊர்விட்டு ஊர் போகும் செலவு எல்லாம் இரண்டாவது பங்கு. இந்த இரண்டாவது பங்கை நாட்களால் வகுத்து வருவதுதான் தினச்செலவு. இரண்டையும் கலந்துவிட்டால் எந்த நாளில் எதைக் குறைப்பது என்றே தெரியாமல் போகும்.

ஜார்ஜ் டவுனில் ஒரு நாளைப் பாருங்கள். கூட்டறையில் ஒரு படுக்கை 40 ரிங்கிட், மூன்று வேளைச் சாப்பாடும் டீயும் 30, பஸ்ஸுக்கு 10, மற்றவைக்கு 10. மொத்தம் 90 ரிங்கிட், அதாவது சுமார் 2,000 ரூபாய். கோலாலம்பூரில் அதே விதமான நாளுக்கு 105 ரிங்கிட், 2,300 ரூபாய். பாங்காக்கில் படுக்கை 400 பாத், சாப்பாடு 250, போக்குவரத்து 100, நுழைவுக் கட்டணங்களின் சராசரி 150 என 900 பாத், 2,400 ரூபாய்க்குச் சற்று மேல். சிங்கப்பூரில் படுக்கை மட்டுமே 40 டாலர். சாப்பாட்டுக்கு 20, ரயிலுக்கு 6, மற்றவைக்கு 5 சேர்த்தால் 71 டாலர், 4,800 ரூபாய்.

எட்டு நாட்களில் ஆறு நாளைச் சிங்கப்பூரிலும் இரண்டு நாளை ஜார்ஜ் டவுனிலும் கழிப்பவருக்குச் சராசரி 4,100 ரூபாய். அதையே திருப்பிப் போட்டு, ஆறு நாள் ஜார்ஜ் டவுன், இரண்டு நாள் சிங்கப்பூர் என்று வைத்தால் 2,700 ரூபாய். ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் குறைக்காமல் நாளுக்கு 1,400 ரூபாய் மிச்சம். இதனால்தான் தினச்செலவை ஒவ்வொரு நாளும் தாண்டக் கூடாத கோடாகப் பார்க்கக் கூடாது என்கிறேன். விலையேறிய நகரத்தில் ஒரு நாள் வரம்பைத் தாண்டும். மலிவான நகரத்தில் அதற்கு முன்போ பின்போ ஈடுகட்டியிருந்தால் போதும். பார்க்க வேண்டியது வாரச் சராசரியைத்தான்.

ஊர் மாறும் நாள்

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நாளை எடுத்துக்கொள்வோம். பஸ் டிக்கெட் 50, 60 ரிங்கிட் என்று பார்த்ததும் மலிவாகத் தோன்றும். உண்மையில் அந்த நாள் அதோடு முடிவதில்லை. விடுதியைக் காலையிலேயே காலி செய்ய வேண்டும். தெற்கு நோக்கிச் செல்லும் பஸ்கள் புறப்படும் டிபிஎஸ் முனையம் நகர மையத்தில் இல்லை. அங்கே போக ரயில். வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பசிக்கு ஏதாவது. எல்லையில் மலேசியப் பக்கம் ஒருமுறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒருமுறை பையோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். வார இறுதியில் அந்த வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் இறங்கும்போது மாலையாகிவிடும். களைப்பு, தோளில் பை, தெரியாத ஊர். கண்ணில் படும் முதல் கடையில் சாப்பிடுவீர்கள், முதலில் கிடைக்கும் வண்டியில் ஏறுவீர்கள். ஒரு முழு நாளும் போயிருக்கும், பார்த்தது ஒன்றும் இருக்காது.

அதே ஊரில் மூன்றாம் நாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எந்தக் கடையில் காலையில் ரொட்டி சூடாகக் கிடைக்கும் என்று தெரியும். எந்த பஸ் எங்கே திரும்பும் என்று தெரியும். தண்ணீர் எங்கே நிரப்பலாம், எந்தத் தெருவில் நிழல் உண்டு என்பதெல்லாம் தெரிந்துவிடும். விலை எதுவும் குறைந்திருக்காது, ஆனாலும் முதல் நாளைவிட உங்கள் செலவு கணிசமாகக் குறைந்திருக்கும். "பத்து நாளில் ஐந்து நகரம்" என்ற திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதில் பாதி நாட்கள் முதல் நாட்களாகவே போய்விடும்.

இரவில் நகர்ந்தால் இந்தச் செலவில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம். பாங்காக்கிலிருந்து மலேசிய எல்லையான பாடாங் பெசார் வரை ஒரு படுக்கை வசதி ரயில் உண்டு. பிற்பகலில் புறப்பட்டு மறுநாள் காலையில் எல்லையில் விடும். இரண்டாம் வகுப்புப் படுக்கை 1,000 பாத்தை ஒட்டி இருக்கும். அதில் ஒரு இரவுப் படுக்கையின் 400 பாத்தைக் கழித்துக்கொள்ளலாம். அங்கேயே குடிநுழைவு முடித்து, மலேசிய ரயில்வேயின் கொமுட்டர் ரயிலில் ஏறினால் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த், பிறகு படகில் ஜார்ஜ் டவுன். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். இதை மறந்து கொமுட்டரைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. இன்னொன்று: பழைய குறிப்புகளில் பாங்காக்கின் ஹுவா லம்போங் நிலையம் என்றிருக்கும். 2023 ஜனவரியிலிருந்து தெற்கு நோக்கிய நீண்டதூர விரைவு ரயில்கள் கிருங் தெப் அபிவட் என்ற புதிய முனையத்திலிருந்து புறப்படுகின்றன.

எல்லையில் ஒரு வேடிக்கையான விலை உண்டு. மலேசியாவின் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஷட்டில் தெப்ராவ் ரயிலுக்கு ஜோகூர் பாருவில் ஏறினால் 5 ரிங்கிட், உட்லண்ட்ஸில் ஏறினால் 5 சிங்கப்பூர் டாலர். ஐந்து நிமிடப் பயணம் ஒன்றேதான். ஒரு திசையில் 110 ரூபாய், மறு திசையில் 340. ஆகவே சிங்கப்பூருக்குள் போக ரயில், திரும்பி வர பஸ் என்று வைத்துக்கொள்வது நல்லது. டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும், இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போவதும் ஊர் மாறும் செலவில் சேர்ந்ததுதான். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் போகும், கட்டணம் 55 ரிங்கிட். பஸ் ஒரு மணி நேரம் எடுக்கும், கட்டணம் 15 ரிங்கிட் அளவில். தனியாகப் போகிறவருக்கு பஸ்தான் சரி. மூன்று பேர் சேர்ந்து போனால் கிராப் செயலியில் ஒரு கார் பிடித்து வாசலிலேயே இறங்கிக்கொள்வது எக்ஸ்பிரஸ் ரயிலைவிடக் குறைவாக முடியும். பாங்காக்கின் சுவர்ணபூமியிலிருந்து நகர ரயில் 45 பாத்துக்குள் பயா தாய் வரை விடும். நள்ளிரவில் அது நின்றுவிடும். நள்ளிரவு தாண்டி இறங்கும் மலிவு விமான டிக்கெட் உண்மையில் மலிவா என்பதை இதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

படுக்கையும் தட்டும்

ஹாஸ்டல் என்றால் நம் ஊரில் மாணவர் விடுதி நினைவுக்கு வரும். பயணிகளின் ஹாஸ்டலில் நீங்கள் வாடகைக்கு எடுப்பது ஓர் அறையை அல்ல, அறைக்குள் ஒரு படுக்கையை. நான்கு முதல் பன்னிரண்டு அடுக்குப் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் திரை, விளக்கு, மின்சொருகி, கீழே ஒரு பூட்டுப் பெட்டி. பூட்டு பல இடங்களில் தர மாட்டார்கள், நீங்களே கொண்டுபோக வேண்டும். பெண்களுக்கு மட்டுமான கூட்டறைகள் இந்த நான்கு நகரங்களிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. தனியாகக் கிளம்பும் பெண்கள் முதல் இரவுக்காவது அதையே எடுக்கலாம்.

தேர்வு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். நகர ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறதா, கடந்த ஒரு மாதத்தில் தங்கியவர்கள் மூட்டைப்பூச்சி பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா, காலை உணவு உண்டா என்ற மூன்றும் முக்கியம். சிங்கப்பூரில் ரொட்டி, ஜாம், காப்பி சேர்ந்த படுக்கை நான்கு டாலர் கூடுதலாக இருந்தாலும் கணக்கில் அதுவே குறைவு. விமானம் விடியற்காலையில் இறங்கினால், முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டத் தேவையில்லை. படுக்கை பிற்பகலில்தான் கிடைக்கும், ஆனால் பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், குளிக்கவும் பெரும்பாலும் விடுவார்கள். ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவையும் அதை ஒட்டிய லவ் லேனையும் சுற்றித்தான் ஹாஸ்டல்கள் நெருக்கமாக இருக்கின்றன. சூலியா தெரு தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்து வளர்த்த பகுதி. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பழைய நகரம் முழுவதையும் அங்கிருந்து நடந்தே பார்த்துவிடலாம். நகர மையத்தைச் சுற்றி இலவச பஸ்ஸும் ஓடுகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்த நகரங்களில் மலிவான சாப்பாடே நல்ல சாப்பாடு, இதை நம்பிச் சொல்கிறேன். பாங்காக்கில் தெருக்கடையில் ஒரு தட்டு 50 முதல் 70 பாத். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டு ரிங்கிட் அளவில், பருப்புக் குழம்பு கூடவே வரும். சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களில் நான்கு முதல் ஏழு டாலருக்கு வயிறு நிறையும். 2020இல் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டையே தன் பட்டியலில் சேர்த்தது. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் பிரியாணியும் தோசையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். சாப்பிட்ட தட்டை அதற்குரிய இடத்தில் நீங்களே கொண்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ரயிலுக்குள் சாப்பிட்டாலும் குடித்தாலும் 500 டாலர் வரை அபராதம் போகலாம். ஒரு வாரச் செலவு ஒரு வாய்த் தண்ணீரில் போய்விடக் கூடாது.

பினாங்கின் நாசி கண்டார் கடையில் ஒரு எச்சரிக்கை. காவுதடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய உணவு அது. சோற்றின் மேல் நீங்கள் கைகாட்டுவதை எல்லாம் வைத்து, கடைசியில் தட்டைப் பார்த்து விலை சொல்வார்கள். கோழியும் காய்கறியும் போதுமென்றால் 10, 15 ரிங்கிட்டில் முடியும். பெரிய இறாலையும் மீன்தலையையும் விலை கேட்காமல் வைக்கச் சொன்னால் அது மூன்று மடங்காகும். தமிழிலேயே கேட்கலாம்; "எட்டு வெள்ளி" என்று பதில் வந்தால் எட்டு ரிங்கிட்.

சைவர்களுக்குத் தாய்லாந்து கொஞ்சம் சிரமம்தான், காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு விழும். மஞ்சள் நிறத்தில் சிவப்புத் தாய் எழுத்துகள் கொண்ட "ஜே" பலகை தொங்கும் கடைகளில் இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் கலக்க மாட்டார்கள். பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டே இருக்காமல், பாங்காக்கில் தெருவோர இயந்திரங்களில் ஓரிரு பாத் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

வங்கி எடுத்துக்கொள்ளும் பங்கு

தெருக்கடையில் பத்து பாத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் ஏடிஎம்மில் கொடுப்பதைக் கவனிப்பதில்லை. தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் அளவுக்குக் கட்டணம் பிடிக்கிறார்கள். 2,000 பாத் எடுத்தால் அது 11 சதவீதம். 10,000 பாத்தை ஒரே முறையில் எடுத்தால் 2.2 சதவீதம். இதற்கு மேல் நம் வங்கி அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை சேர்க்கும். சில அட்டைகளில் இந்தக் கட்டணம் கிடையாது, கிளம்பும் முன் அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திரையில் "இந்திய ரூபாயில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டும் தொகை வசதியாகத் தெரியும், மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

நாணயம் மாற்றுவதற்குச் சுவர்ணபூமியின் வருகைக் கூடத்தைவிடக் கீழ்த்தளத்தில் நகர ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள கடைகள் நல்ல விலை தருகின்றன. இரண்டு மாடி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

தாள் வேலைகளிலும் பணம் போகும் வழி ஒன்று இருக்கிறது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் வருகைக்கு மூன்று நாள் முன்பிருந்து இணையத்தில் வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன. தாய்லாந்து இதை 2025 மே 1 முதல் கட்டாயமாக்கியது. மூன்றுமே இலவசம். தேடலில் முதலில் வந்து பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்து வருகிறது. அது காலவரம்புள்ள சலுகை, டிக்கெட் எடுக்கும் முன் நிலவரம் பாருங்கள். சிங்கப்பூருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும்.

எதில் குறைக்கக் கூடாது

காப்பீட்டில் குறைக்கக் கூடாது. சிங்கப்பூர் மருத்துவமனையில் ஒரு இரவு, உங்கள் முழுப் பயணச் செலவையும் தாண்டிவிடும். ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

எதைப் பார்க்க வந்தீர்களோ அதிலும் குறைக்கக் கூடாது. பாங்காக் அரண்மனைக்கு நுழைவுக் கட்டணம் 500 பாத், ஒரு இரவுப் படுக்கையைவிட அதிகம். அதை வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த 500 பாத்துக்காகத்தான் மற்ற நாட்களில் 16 பாத் கொடுத்து ஆரஞ்சுக் கொடிப் படகில் சாவோ பிராயா ஆற்றில் போகிறோம், கட்டணமில்லாத கலைப் பண்பாட்டு மையத்தில் ஒரு மதிய வெயிலைக் கழிக்கிறோம். அரண்மனை வாசலருகே யாராவது வந்து "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு டுக்-டுக்கில் அழைத்துப் போகிறேன்" என்றால் நம்பாதீர்கள், அந்த வண்டி ரத்தினக்கல் கடையில்தான் போய் நிற்கும். கோலாலம்பூரில் பத்துமலைக்குக் கொமுட்டர் ரயிலில் சில ரிங்கிட்டில் போய், 42.7 மீட்டர் முருகன் சிலையைத் தாண்டி 272 படி ஏறலாம். மேலே உள்ள கோயில் குகைக்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூரில் தாவரவியல் பூங்கா இலவசம். விக்டோரியா தெருவின் தேசிய நூலகத்துக்குள் போவதற்கும் கட்டணம் கிடையாது. அங்கே தமிழ் நூல்களும் இருக்கின்றன.

மூன்றாவதாக, உள்ளூர் மக்களின் கூலியில் நம் சிக்கனத்தைத் தேடக் கூடாது. தென்கிழக்காசியத் தெருக்களில் "என் பயணத்துக்கு உதவுங்கள்" என்று அட்டை வைத்து உட்கார்ந்திருக்கும் பயணிகளைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் கோபப்பட்டது நியாயம். பணம் போதவில்லை என்றால் நாட்களைக் குறைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். விலைப்பலகை இல்லாத சந்தையில் பேரம் பேசலாம், விலை எழுதிப் போட்ட உணவுக் கடையில் பேசக் கூடாது.

முதல் பயணத்துக்கு

முதல்முறை போகிறவர்கள் பாங்காக்கை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோலாலம்பூரில் இறங்கி மூன்று நாள், பஸ்ஸில் ஜார்ஜ் டவுன் போய் ஆறு நாள், அங்கிருந்து இரவு பஸ்ஸில் சிங்கப்பூர் வந்து இரண்டு நாள், பிறகு நேரே ஊருக்கு. கோலாலம்பூருக்கு 6,900, ஜார்ஜ் டவுனுக்கு 12,000, சிங்கப்பூருக்கு 9,600, நீண்டதூர பஸ்களுக்கு 3,500. மொத்தம் 32,000 ரூபாய், பதினொரு நாளுக்குச் சராசரி 2,900 ரூபாயை ஒட்டி வரும். இதோடு பத்தில் ஒரு பங்கு, 3,200 ரூபாய், தனியே ஒதுக்கி வைத்து, சிங்கப்பூரில் இறங்கும் வரை தொடாதீர்கள். மலிவு விமானங்களில் கைப்பை வரம்பு பெரும்பாலும் 7 கிலோ. கூடுதல் எடைக்கு விமான நிலையத்தில் கேட்கும் தொகை, ஜார்ஜ் டவுனில் இரண்டு நாள் தங்குவதற்குச் சமமாகிவிடலாம்.

ஒவ்வொரு இரவும் செலவை உள்ளூர் நாணயத்திலேயே எழுதுங்கள். படுக்கை, சாப்பாடு, போக்குவரத்து, மற்றவை என்று நான்கு பகுதி போதும். நான்காம் நாள் கூட்டி வகுத்துப் பார்த்துச் சராசரி ஏறியிருந்தால், சாப்பாட்டில் கை வைக்காமல் ஜார்ஜ் டவுனில் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இடம் வேண்டும் என்பதால், சிங்கப்பூர்ப் படுக்கையைக் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். இரவு பஸ் டிக்கெட்டை ஜார்ஜ் டவுன் போன பிறகு எடுத்தால் போதும்.